இரண்டாவது பெட்டிக்கு வைத்த கல்

பிப்ரவரி 1, ஞாயிறு

கரும்பு பதிந்தவர்களுக்கெல்லாம் ஆலையில் வருஷத்துக்கு ஒரு டைரி கொடுப்பார்கள். மற்றவர்கள் வீட்டில் அது பிள்ளைகள் கப்பல் செய்ய ஆகிறது. டைரியில் டைரி எழுதுகிற ஒரே ஆள் நான்தான் என்று அஞ்சலாட்சி கேலி செய்வாள். அஞ்சலாட்சி என் மனைவி. பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு அந்தப் படிப்பு எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமல்லவா.

ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து, இன்று வெட்டி முடித்தார்கள். இரண்டு பெட்டியிலும் ஏற்றியாயிற்று. டிரெய்லரைத்தான் நாங்கள் பெட்டி என்போம். டிராக்டருக்குப் பின்னால் ஒரு பெட்டி, அதற்குப் பின்னால் இன்னொரு பெட்டி, கொக்கி போட்டு மாட்டினால் சின்ன ரயில். ஒற்றைப் பெட்டியை யார் வேண்டுமானாலும் இழுப்பார்கள். இரட்டைப் பெட்டி இழுக்க எங்கள் ஊரில் தனகோடியை, அதாவது என்னை விட்டால் ஆள் கிடையாது. முதல் பெட்டி டிராக்டர் சொன்னதைக் கேட்கும். இரண்டாவது பெட்டி யார் சொன்னதையும் கேட்காது. பின்னால் எடுக்கவே முடியாது, எடுத்தால் மடங்கிக்கொள்ளும். பெட்டிகளுக்குப் பிரேக்கும் இல்லை. டிராக்டர் பிரேக்கை நம்பித்தான் மூன்றும் போக வேண்டும்.

"ரெண்டையும் ஒண்ணா மாட்டிக்கிட்டு மெயின் ரோட்டுல போவணுமா? ரெண்டு நடையா போங்களேன்" என்றாள் அஞ்சலாட்சி.

"ஆலை வாசல்ல ரெண்டு தடவ வரிசையில நிக்கிறதுக்கு நீ வரியா?"

"வந்தா என்னா? ஒங்கள விட நல்லாவே நிப்பன்."

கடைசிப் பெட்டியில் விளக்கு இல்லை என்று தன் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கரும்பு நுனியில் கட்டிவிட்டாள். வெட்ட வந்த பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

பிப்ரவரி 2, திங்கள்

காலை எட்டு மணிக்குக் கிளம்பி, இருபத்திரண்டு கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் கடந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்து ஆளுக்கொரு கரும்பை உருவிக்கொண்டார்கள். ஆலை கண்ணில் படுவதற்கு மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே வரிசை வந்துவிட்டது. உள்ளே ஏதோ இயந்திரம் நின்றுபோயிருக்கிறதாம். லாரி, டிராக்டர், இரட்டைப் பெட்டி, ஒற்றைப் பெட்டி எல்லாம் பாதி ரோட்டை அடைத்து நிற்கின்றன. இந்த ரோட்டில்தான் பஸ்ஸும் போக வேண்டும், கல்யாணக்காரனும் போக வேண்டும், கருமாதிக்காரனும் போக வேண்டும்.

எனக்குப் பின்னால் பக்கத்து ஊர் தெய்வநாயகம் அண்ணன். அவரும் இரட்டைப் பெட்டி. ஐம்பத்தைந்து வயது, யாரிடமும் சத்தம் போட்டுப் பேசிப் பார்த்ததில்லை. மகளுக்குச் சித்திரையில் கல்யாணம் வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பத்து வண்டி நீளம் நகர்ந்தோம். இப்போது ஓடைப்பாலத்து ஏற்றத்தில் நிற்கிறேன். ஏற்றத்தில் நின்றால் கடைசிப் பெட்டி டிராக்டரைப் பின்னால் இழுக்கும். அதனால் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். முட்டுக்கட்டை கொண்டுவர மறந்துவிட்டேன், மற்றவர்களும் அப்படித்தான். எல்லாருக்கும் கல்தான்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் இருக்கிறவன் நகர்ந்ததும் அவன் வைத்த கல் ரோட்டில் கிடக்கும். பின்னால் இருக்கிறவன் இறங்கி, அந்தக் கல்லை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டுதான் நகர வேண்டும். நகர்ந்து நின்றதும் அதையே தன் பெட்டிக்கு வைப்பான். அவனுடைய பழைய கல் அவனுக்குப் பின்னால் இருக்கிறவனுக்கு. வண்டிகள் மேலே போய்க்கொண்டே இருக்கும், கற்கள் ஏற்றத்திலேயே கிடக்கும். உன் மூக்குக்கு முன்னால் கிடக்கிற கல் உன் பொறுப்பு. ஆலைக்காரன் எழுதி வைத்த சட்டமில்லை இது, ஆனால் எழுதி வைத்த சட்டத்தை விட ஒழுங்காக நடக்கிறது.

சாயந்தரம் ராஜவேல் சாப்பாடு கொண்டுவந்தான். அஞ்சலாட்சியின் தம்பி. எங்களுக்குக் கல்யாணமாகும்போது அவனுக்கு ஏழு வயது. அம்மா இல்லாத பிள்ளையாக அக்காவோடு வந்தவன் எங்கள் வீட்டிலேயே வளர்ந்துவிட்டான். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவன் இருந்ததால் அது பெரிதாகத் தெரியவும் இல்லை. மின்வாரியத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி கம்பம் ஏறும் தேர்வு. தேறிவிட்டால் நிரந்தரம்.

"மாமா, நேத்து பதினெட்டு செகண்டுல ஏறிட்டன். எறங்கத்தான் நேரமாவுது."

"ஏறத் தெரிஞ்சவனுக்கு எறங்கவா தெரியாது?"

"எறங்கறப்ப அக்கா மொகம் ஞாபகம் வந்துருது மாமா. காலு மெதுவாயிடுது" என்று சிரித்தான். காலையில் இட்லி கொண்டுவருவதாகச் சொன்னான். வேண்டாமடா, டீக்கடையில் தின்றுகொள்கிறேன் என்றேன். கேட்டால்தானே.

பிப்ரவரி 4, புதன்

நகரவில்லை. கரும்பு காய்கிறது, நானும் காய்கிறேன். பக்கத்து வயல் மோட்டாரில் குளித்தேன். செல்போனை டிராக்டர் பேட்டரியில் மாட்டிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டேன். சாயந்தரம் தெய்வநாயகம் அண்ணன் ஏதோ சொல்லிவிட்டு ஊர்ப்பக்கம் போனார்.

பிப்ரவரி 5, வியாழன்

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

காலை ஆறு மணி இருக்கும். முன்னால் லாரி நகர்ந்தது. இரண்டு நாளாக நகராத வரிசை, எல்லாருக்கும் வெறி. ரோட்டோரம் நின்ற ஒற்றைப் பெட்டிக்காரன் ஒருவன் இடைவெளியில் மூக்கை நுழைக்கப் பார்த்தான். நான் விடவில்லை, வண்டியைக் கிளப்பி ஒட்டிக்கொண்டு ஏறினேன். ஏறிக்கொண்டிருக்கும்போதே பின்னால் சத்தம்.

ராஜவேல்தான். அவன் பைக்கில் இட்லிப் பாத்திரம். எதிரே பஸ் வந்ததால் வரிசைக்குள் ஒதுங்கியிருக்கிறான். தெய்வநாயகம் அண்ணன் டிராக்டருக்கு முன்னால் இடைவெளி இருந்தது, அந்த இடைவெளியில் கல் கிடந்தது. முன்சக்கரம் ஏறித் தூக்கிப் போட்டுவிட்டது. ரோட்டுப் பக்கம் விழுந்தான். பஸ்ஸின் பின்சக்கரம் வலது கால் மேல் ஏறிவிட்டது.

எந்தப் பாவி விட்டுப்போன கல்லோ.

ஓடிப் போய் மடியில் தூக்கிக்கொண்டேன். "மாமா, காலு இருக்கா பாருங்க" என்றான். இருக்குடா என்றேன். இருந்தது, ஆனால் கால் மாதிரி இல்லை.

ஆம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஒரு பக்கம் கரும்பு வண்டி, மறுபக்கம் பஸ்ஸும் அதன் பின்னால் சேர்ந்துவிட்ட வண்டிகளும். இத்தனை டிராக்டர் இருந்து ஒன்றையும் திருப்ப முடியவில்லை. டீக்கடை பெஞ்சில் படுக்க வைத்து நான்கு பேர் பாலம் தாண்டித் தூக்கிப் போனார்கள். நான் போகவில்லை. எப்படிப் போவது? என் வண்டி பாதி ஏற்றத்தில் நிற்கிறது, பின்னால் நூறு வண்டி இருக்கிறது. நான் நகராவிட்டால் ஒருவனும் நகர முடியாது. டீக்கடைக்காரர் கூடப் போனார். நான் அஞ்சலாட்சிக்குப் போன் செய்தேன். அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எல்லாரும் போன பிறகு அந்தக் கல்லை எடுத்து வாய்க்காலில் போட்டேன். வேறு யாரும் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

பிப்ரவரி 6, வெள்ளி

மதியம் கரும்பு இறக்கினேன். டிராக்டரையும் காலிப் பெட்டிகளையும் ஆலை வாசல் மரத்தடியில் விட்டுவிட்டு, பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போனேன். பெரிய ஆஸ்பத்திரி. அஞ்சலாட்சி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"கரும்பு எறக்கிட்டீங்களா?"

"ம்."

"அப்ப சரி" என்றாள்.

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 7, சனி

போலீஸ்காரர் ஒருவர் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார். கல் எங்கே என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். கூட்டத்தில் யாரோ எடுத்துப் போட்டிருப்பார்கள் என்றும் சொன்னேன். பஸ் டிரைவர் மேல் தப்பில்லை என்று பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். தானாக விழுந்ததாக முடியும் போலிருக்கிறது.

பிப்ரவரி 9, திங்கள்

தெய்வநாயகம் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆரஞ்சு வாங்கி வந்திருந்தார். அதைக் கொடுக்கக் கூடத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு திடீரென்று அஞ்சலாட்சியின் காலில் விழுந்துவிட்டார்.

"எம் வண்டிக்கு முன்னால கெடந்த கல்லும்மா. நாந்தான் எடுத்திருக்கணும். எம் பொறுப்புதான். நான் அந்நேரம் வண்டியில இல்லாம போயிட்டன்."

அஞ்சலாட்சி காலை இழுத்துக்கொண்டாள். "எங்க போயிருந்தீங்க?"

"மவ கல்யாண விஷயமா மாப்ள வூட்டுக்காரங்க வந்திருந்தாங்க. மொத நாளு சாயந்தரமே போயிட்டன்."

"வண்டிய நடு ரோட்டுல உட்டுட்டா? யாருகிட்டயும் சொல்லாமலா?"

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். சுவரில் காசநோய் பற்றி ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. அதை முழுவதும் படித்தேன்.

"எம் பொறுப்புதான்" என்று மறுபடி சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 12, வியாழன்

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கையெழுத்து நான்தான் போட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஒன்றுமில்லை. இடியாப்பம் வாங்கிக்கொடுத்தேன். அஞ்சலாட்சி சாப்பிடவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று அஞ்சலாட்சியைக் குளித்துவிட்டு வரச் சொல்லி நான் ராஜவேல் பக்கத்தில் இருந்தேன். தூங்குகிறான் என்று நினைத்தேன்.

"மாமா."

"என்னடா?"

"நான் வர்றப்ப ஒங்க பொட்டி அப்பத்தான் ஏறிக்கிட்டு இருந்துச்சு. அக்கா கட்டுன செவப்புத் துணி ஆடிச்சு. அதப் பாத்துத்தான் உள்ள திருப்பினன்."

மருந்து மயக்கத்தில் பேசுகிறான். என்ன பேசுகிறோம் என்று அவனுக்கே தெரியாது.

"தூங்குடா" என்றேன்.

"அக்காகிட்ட நான் ஒண்ணும் சொல்லல மாமா" என்றான். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்புவதற்கு அவனுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

பிப்ரவரி 19, வியாழன்

ஆலை வாசலிலிருந்து காலிப் பெட்டிகளை ஓட்டி வந்தேன். காலிப் பெட்டி பாரப் பெட்டியை விட மோசம், பள்ளத்தில் விழுந்தால் குதிக்கும். ஓடைப்பாலத்து ஏற்றத்தில் இன்றும் வண்டிகள் நின்றன. எல்லா வண்டிக்கும் பின்னால் கல். ஒருவனை இறங்கிக் கேட்கலாம் என்று நினைத்தேன், ஏனய்யா ஒரு கட்டை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று. கேட்க எனக்கு என்ன யோக்கியதை.

எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. என் கல்தான். எனக்குத் தெரியாமல் என்ன? ஏற்றத்தில் நானே பொறுக்கி, நானே வைத்த கல். ஆனால் நகர்ந்தபின் அது பின்னால் இருக்கிறவன் கல் என்பதுதானே வழக்கம்? எத்தனை வருஷத்து வழக்கம்? அன்றைக்கு மட்டும் நான் இறங்கி எடுத்திருக்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?

பிப்ரவரி 20, வெள்ளி

சொல்ல முடியும். தெய்வநாயகம் அண்ணன் சொல்லலாம்.

அதற்கு முந்தின நாள் சாயந்தரம் அவர் "ஏதோ" சொல்லிவிட்டுப் போகவில்லை. "தனகோடி, மவ விஷயம், ஊருக்குப் போயிட்டு விடிஞ்சதும் வந்துர்றன். வரிசை நவுந்தா எம் வண்டிய அப்டியே உட்டுரு. முன்னால கெடக்கிற கல்ல மட்டும் ஓரமா எடுத்துப் போட்டுரு, ரோட்டுல கெடக்கக் கூடாது" என்றார். நான் "போயிட்டு வாங்கண்ணே, நான் பாத்துக்கறன்" என்றேன். வாயால் சொன்னேன். லாரியை ஒட்டிக்கொண்டு ஏறும்போது அது ஞாபகத்தில் இல்லையா என்றால், இருந்தது. மேலே போய் நின்றுவிட்டு ஓடி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு நிமிஷம்தானே.

பிப்ரவரி 25, புதன்

கம்பம் ஏறும் தேர்வு இன்று. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ராஜவேல் காலையிலிருந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

பிப்ரவரி 28, சனி

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். கட்டிலை வாசல் பக்கம் போட்டிருக்கிறேன். கக்கூஸுக்கு நான்தான் தூக்கிப் போகிறேன். எவ்வளவு இலேசாகிவிட்டான்.

சாயந்தரம் அஞ்சலாட்சியின் சித்தப்பா மகன்கள் மூன்று பேர் வந்தார்கள். நேரே தெய்வநாயகம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்கள். சட்டையைப் பிடித்து இழுத்தார்களாம். பெரியவன் பெருமையாகச் சொன்னான்: "ஒரு வார்த்த எதுத்துப் பேசல மாமா. தப்பு செஞ்சவன் எப்டிப் பேசுவான்?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பு எல்லாம் சின்ன வார்த்தை. சோற்றைப் பிசைந்தேன், வாய்க்குப் போகவில்லை. போய் மாட்டுக்கு வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

தெய்வநாயகம் அண்ணனைப் பார்க்கப் போனேன். டிராக்டர் நிற்க, பெட்டிகளைத் தனித்தனியாகக் கழற்றி வைத்திருந்தார். என்ன சொல்வதென்று போகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவரைப் பார்த்ததும், "அண்ணே, கல்யாண வேலையெல்லாம் எப்டி நடக்குது?" என்றுதான் வந்தது.

"நடக்குது."

"அண்ணே, நீங்க ஏன் அன்னைக்கு..."

"நான் என்னாத்தச் சொல்றது தனகோடி? நீ சொல்லுவன்னு பாத்தன்." அவர் சக்கரத்து மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே பேசினார். "நான் சொன்னா, தப்பிக்கிறதுக்கு ஒன்ன மாட்டி உடுறன்னு ஆவும். அந்தப் பொண்ணுக்குத் தம்பி காலும் போச்சு. புருசனும் போவணுமா?"

மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

அஞ்சலாட்சி விளக்கேற்றிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"போலீசுல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. நான் கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டப்போறன். நீங்கதான் எழுதித் தரணும்."

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற முருகன் கோயில். திருட்டுப் போனவர்கள், ஏமாந்தவர்கள், அடிபட்டவர்கள் எல்லாரும் அங்கே சாமிக்கு மனு எழுதி, நூலில் கட்டித் தொங்கவிட்டு வருவார்கள். பிராது என்று அதற்குப் பெயர். தாசில்தாருக்கு எழுதுகிற மாதிரியே எழுத வேண்டும், யார் கொடுக்கிறார்கள், யார் மேல், என்ன குறை என்று. மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்து முடித்துவிடும் என்பது நம்பிக்கை. எங்கள் பக்கத்தில் கோர்ட்டுக்குப் பயப்படாதவனும் பிராதுக்குப் பயப்படுவான்.

"யார் மேல?" என்றேன்.

"யார் மேலன்னு கேக்கறீங்க? அவரே வந்து கால்ல உளுந்து ஒத்துக்கிட்டாரு."

"அவரு பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்காரு அஞ்சல. பிராது கட்டுனாங்கன்னு மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சா நின்னுபோயிடும்."

"எந்தம்பிக்கும் பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தன்." அவள் குரல் உயரவே இல்லை. "ஊருக்கெல்லாம் மனு எழுதித் தர்றீங்க. எனக்கு ஒண்ணு எழுதக் கூடாதா?"

உள்ளே கட்டிலில் ராஜவேல், "வேணாங்க்கா" என்றான். "நீ சும்மா இரு" என்று அவனை அதட்டினாள்.

மார்ச் 7, சனி

எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. டிராக்டருக்கு எண்ணெய் மாற்றினேன்.

மார்ச் 8, ஞாயிறு

அஞ்சலாட்சி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். வெள்ளைத்தாள், நீல மை. "கொளஞ்சியப்பர் சுவாமி அவர்கள் சமூகத்துக்கு" என்று தொடங்கினேன். மனுதாரர்: அஞ்சலாட்சி, கணவர் பெயர் தனகோடி. குறை: என் தம்பி ராஜவேல் பிப்ரவரி ஐந்தாம் தேதி காலை ஓடைப்பாலத்து ஏற்றத்தில் ரோட்டில் விடப்பட்ட கல்லில் ஏறி விழுந்து வலது காலை இழந்துவிட்டான். கல்லை எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் எடுக்கவில்லை. பிறகு கல்லை வாய்க்காலில் போட்டு மறைத்தார். தன் பழியைப் பிறர் சுமக்கப் பார்த்துக்கொண்டு இருந்தார். இன்றுவரை வாய் திறக்கவில்லை. எதிரி...

எதிரி என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு எழுதினேன். எழுதி முடித்ததும் நெஞ்சில் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது.

"படிங்க" என்றாள். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், என் கூட்டெழுத்து அவளுக்குப் பிடிபடாது. மேலாகப் படித்துக் காட்டினேன். எதிரி தெய்வநாயகம் என்று வாயால் படித்தேன்.

சாமிக்குத் தெரிந்தால் போதும். தண்டிக்கிறதானால் சாமி என்னைத் தண்டிக்கட்டும். தெய்வநாயகம் அண்ணனுக்கும் ஒன்றும் ஆகாது, அஞ்சலாட்சிக்கும் மனசு ஆறும். இதை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று என் அப்பா என்னைத் திட்டுவார். திட்டட்டும்.

மார்ச் 9, திங்கள்

பக்கத்து வீட்டுக்காரர்களை ராஜவேலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். அஞ்சலாட்சி மஞ்சள் புடவை கட்டியிருந்தாள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தாளை ரவிக்கைக்குள் வைத்திருந்தாள்.

பிராதைச் சாமி முன்னால் வைத்து வாங்கிக் கட்டுவதற்கு முன்னால் எழுத்தரிடம் பதிய வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. நான் ஊருக்கெல்லாம் மனு எழுதியிருக்கிறேன், பிராது எழுதினதில்லை. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர் எந்த ஊர், கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு எழுதிக்கொண்டார், கட்டணம் கிலோமீட்டர் கணக்கில்தானாம். தாளைப் பிரித்தார். சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவர் போல உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் நின்றார்.

"ஏம்மா, ஒங்க வூட்டுக்காரர் பேரு தனகோடியா?"

"ஆமாங்க."

"எதிரி எடத்துலயும் தனகோடின்னு இருக்கே. அதே தெரு, அதே ஊரு. எழுதுனவங்க மாத்தி எழுதிட்டாங்க போல." பேனாவை என் பக்கம் நீட்டினார். "நீங்களா எழுதுனது? அடிச்சிட்டு சரியான பேர எழுதிக் குடுங்க."

பேனா என் முகத்துக்கு நேரே இருந்தது. ஆமாம் சார், தவறிப்போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்குப் பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் பேனாவை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அஞ்சலாட்சி என்னைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. அவள் பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை.

"முழுசா படிங்க சார்" என்றாள் அவரிடம்.

அவர் படித்தார். வாக்குக் கொடுத்தது, வாய்க்கால், பிறர் சுமக்கப் பார்த்துக்கொண்டு இருந்தது, எல்லாம். நேற்று நான் அவளுக்குப் படித்துக் காட்டாமல் தாண்டின வரிகள். நல்ல குரல் அவருக்கு, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது.

படித்து முடித்ததும், "என்னம்மா செய்யலாம்?" என்றார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"தப்பா எழுத மாட்டாருங்க. எழுத்து விஷயத்துல அவரு கெட்டிக்காரரு" என்றாள் அஞ்சலாட்சி. "அப்டியே இருக்கட்டும். பதிஞ்சிக்குங்க."

"யோசிச்சு சொல்லும்மா. கட்டிட்டா அப்பறம் சும்மா அவுக்க முடியாது. வாபஸ் வாங்கணும்னா கட்டுனவங்களே வந்து ராஜினாமா எழுதித் தரணும். வேற யாரு வந்தாலும் செல்லாது."

"தெரியுங்க."

அவளே போய்க் கட்டினாள். ஆயிரம் தாள்கள் தொங்கின. அவற்றுக்கு நடுவில் இடம் பார்த்து, நூலை மூன்று முடிச்சாகப் போட்டு இழுத்துப் பார்த்தாள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். கும்பிடலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை. எதிரி கும்பிடலாமா?

பஸ் நிறுத்தத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த மனுசன் என் கால்ல உளுந்து கெடந்தப்ப, நீ எங்க பாத்துக்கிட்டு இருந்த?"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னை நீ என்றாள்.

"செவுத்த" என்றேன்.

பஸ் வந்தது. அவள் முன்பக்கம் ஏறினாள், நான் பின்பக்கம் ஏறினேன்.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் அஞ்சலாட்சி தெய்வநாயகம் அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போய்விட்டு வந்தாள். அங்கே என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. வந்து ஒரு காரைக் கூப்பிட்டு, ராஜவேலை ஏற்றிக்கொண்டு, சித்தப்பா ஊருக்குக் கிளம்பினாள். காரில் தூக்கி உட்கார வைக்க மட்டும் என்னைக் கூப்பிட்டாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த ராஜவேல், "மாமா, நான் சொல்லல மாமா" என்று காதில் சொன்னான். தெரியுமடா என்றேன்.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திட்டினால் தேவலை, அழுதால் தேவலை. அவள் இரண்டும் செய்யவில்லை. மாட்டுக்குத் தவிடு எங்கே இருக்கிறது, அரிசி எங்கே இருக்கிறது என்று சொன்னாள்.

"எப்ப வருவ அஞ்சல?" என்றேன்.

"சாமிக்கு மூணு மாசம் தவணை இருக்குல்ல" என்றாள். "எனக்கும் அதுவரைக்கும் இருக்கட்டும்."